குச்சியில் ஏறிய ஆயில்

பழைய பெட்ரோல் ஜெனரேட்டரில் ஆயில் பிரஷர் குறைந்தால் மூன்று சோதனைகள் செய்வேன்: வேறு மீட்டர் மாட்டிப் பார்ப்பது, குச்சியை விட்டு ஆயில் அளவு பார்ப்பது, அதை முகர்ந்து பார்ப்பது. இன்று திருவனந்தபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்றாவதில் அப்படியே நின்றுவிட்டேன். ஆயில் குச்சியில் பெட்ரோல் வாடை. அது அப்பாவின் சட்டை வாடை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் அப்பா இதேபோன்ற இன்ஜின் ஓட்டினார். பிரஷர் முள் நாளுக்கு நாள் இறங்கியது. சூப்பர்வைசர் கேட்டபோது அப்பா குச்சியைப் பெருமையாக நீட்டினார்.

"ஆயில் குறையவே இல்ல சார், ஏறியிருக்கு."

"அப்போ மீட்டர்தான் கேடு. ஓட்டு."

பெட்ரோல் கசிந்து கலந்ததால்தான் அளவு ஏறுகிறது, ஆயில் நீர்த்துவிட்டது என்பது இருவருக்கும் தெரியவில்லை. ஆனால் இன்ஜின் சத்தம் தட்டலாக மாறியது அப்பாவுக்குத் தெரிந்தது.

"நிறுத்திப் போடுங்களேன்" என்றாள் அம்மா.

"நிறுத்தினா லயத்தக் காலி பண்ணச் சொல்லுவான். புள்ளையக் கூட்டிக்கிட்டு எங்க போவ?"

எஸ்டேட் தொழிலாளர்களுக்குத் தந்திருந்த லய வரிசையில், எங்கள் ஒற்றை அறைக்குள் நான்கு நாள் அந்தத் தட்டல் கேட்டது. அம்மா கதவைச் சாத்தினாள்; அப்போதும் கேட்டது. ஐந்தாம் நாள் இன்ஜின் இறுகி நின்றது. ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். வீடும் போனது.

"மீட்டர மாத்திட்டா ஓடும்லா மேடம்?" மண்டபத்து ஆபரேட்டர் என் கையையே பார்த்தார். "நின்னா மொதலாளி என்னையத்தான் பிடிப்பாரு."

"ஓடக் கூடாது அண்ணாச்சி."

சர்வீஸ் படிவத்தில் எழுதினேன்: கார்புரேட்டர் கசிவு, இயக்கக் கூடாது. பிறகு, ஆபரேட்டர் மீது தவறில்லை. அதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது. ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.