சாவி திருப்பினால் வரும் சத்தம்

புதிதாக வாங்கிய ஸ்கூட்டரில் சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடுவதற்கு முன்பே, 'ங்ஙொய்ங்' என்று ஒரு மெல்லிய சத்தம் எழுந்து உடனே அடங்குகிறது. நீங்களும் கேட்டிருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். டேங்குக்குள் இருக்கும் சின்ன மோட்டார் எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளத் தயாராகும் சத்தம் அது. அது நிற்கும்வரை நான் வண்டியை எடுப்பதில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி, "கெளம்புங்க, என்னத்த ஒட்டுக் கேக்குறீங்க?" என்பாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நான் ஒரு காலத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியன். இன்றைக்கு வீட்டில் மிக்ஸி கெட்டால்கூட என்னை நம்பாமல் வெளியில் கொடுக்கிறார்கள் என்பது வேறு விஷயம். திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு சந்துக்குள் நானும் சிக்கந்தரும் கூட்டாகக் கடை வைத்திருந்தோம். பள்ளிக்கூடத்திலிருந்தே சேர்ந்து திரிந்தவர்கள். பக்கத்துத் தோல் கிடங்கின் வாடையும், எதிர்க்கடையில் பிரியாணிக்கு வெங்காயம் வதங்கும் வாசனையும் ஒன்றாகத்தான் உள்ளே வரும். அந்தக் கலவை இப்போது எங்காவது மூக்கில் பட்டால் எனக்கு முதலில் பசிக்கும். பிறகு என்னவோ செய்யும்.

நான் சொல்ல வந்தது ஒரு படகைப் பற்றி. திண்டுக்கல்காரனுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடி வளர்ந்தவர்கள் நாங்கள். நீச்சல் எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் நத்தம் ரோட்டில் போய் மலையடிவாரத்துக்குத் திரும்பினால் ஒரு நீர்த்தேக்கம் உண்டு. அதில் மீன் பிடிக்கும் குத்தகையை வெள்ளைச்சாமி அண்ணன் எடுத்திருந்தார். அவருடைய மீன் வண்டிக்கு நாங்கள்தான் ஒயரிங் பார்ப்போம். கடல் பக்கமிருந்து ஒரு பழைய பைபர் படகை எஞ்சினோடு வாங்கி வந்து அதில் விட்டிருந்தார்.

ஓர் ஆடி மாதக் காலையில் அவரிடமிருந்து போன் வந்தது. "பாய், போட்டு ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. சாவியத் திருப்புனா சத்தமே வரல. செத்த வந்து பாருங்க." அவசரம் எதுவும் அந்தக் குரலில் இல்லை. எங்களிடமும் இல்லை. வழியில் புளியமரத்தடிக் கடையில் நிறுத்தி டீ குடித்தோம், வடை சூடாக இருந்ததால் இன்னொரு டீயும் குடித்தோம். அந்த இரண்டாவது டீ இத்தனை வருடம் கழித்தும் எனக்குச் செரிக்கவில்லை.

கரையில் வெள்ளைச்சாமி அண்ணன் மட்டும் நின்றிருந்தார். அவர் தம்பி பாண்டியைக் காணோம். "வலையில கெடக்குற மீனு அழுகிப்போகும்னு பரிசல எடுத்துட்டுப் போயிட்டான். சத்தம் வரலடா, சகுனம் சரியில்ல, இரு, போட்டு ரெடியாகட்டும்னேன். சிரிச்சுட்டே போறான்." அக்கரைப் பக்கம், தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்களுக்கு நடுவில், பரிசல் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது.

படகில் ஏறி வேலையை ஆரம்பித்தோம். ப்யூஸ் நன்றாக இருந்தது. சாவியைத் திருப்பியபோது ரிலே 'டிக்' என்றது. பம்ப்புக்குப் போகும் ஒயரில் டெஸ்ட் லேம்ப்பை வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. கரண்டு வருகிறது, பம்ப் சுற்றவில்லை. கோளாறு பம்ப்பிலேதான்.

"நேத்து வரைக்கும் நல்லா சத்தம் குடுத்துச்சு தம்பி," என்றார் அண்ணன். "தெனம் காலையில வந்ததும் மொத வேல அதான். பெட்ரோல் ஊத்துறதுக்கு முன்னாடியே மூணு தடவ சாவியத் திருப்புவேன். அந்தச் சத்தத்தக் கேட்டுக் கும்புட்டுட்டுத்தான் பாண்டிய தண்ணிக்குள்ள அனுப்புவேன்."

"பெட்ரோல் ஊத்துறதுக்கு முன்னாடியா?" என்றான் சிக்கந்தர்.

"ஆமா பாய். ராத்திரி வச்சுட்டுப் போனா திருடிருவாய்ங்க. சாயங்காலமே கேனக் கழட்டிட்டு, கொழாயில கெடக்குறதும் தீர்ற வரைக்கும் எஞ்சின ஓட விட்டுருவோம். சொட்டு இருக்காது."

சிக்கந்தர் என்னைப் பார்த்தான், நான் ஒயரைப் பார்த்தேன். இந்த பம்ப்புகள் பெட்ரோலுக்குள் முங்கியே கிடக்க வேண்டியவை. அதுதான் அவற்றுக்கு எண்ணெய், அதுதான் குளிர்ச்சி. வெறுமனே சுற்றவிட்டால் உள்ளுக்குள்ளே தேய்ந்து, சூடேறி, கருகும். தம்பிக்கு எதுவும் ஆகக்கூடாது என்று அவர் தினமும் கேட்ட அந்தச் சத்தம்தான் பம்ப்பைத் தின்றிருந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் காற்று திரும்பியது.

எங்கள் ஊர் ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சைக்கிளில் போகிறவனை ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். தண்ணீரின் மேல் அதை நான் பார்த்தது அன்றுதான். மலையிலிருந்து இறங்கிய வேகத்தில் நீர்ப்பரப்பு முழுவதும் வெள்ளையாக நுரைத்தது. மரங்களுக்கு நடுவில் புள்ளியைத் தேடினேன். இல்லை. "அந்தா மறைவுக்குப் போயிருப்பான்," என்றார் அண்ணன். அடுத்து அதையே இன்னொரு தடவை சொன்னார்.

மாற்று பம்ப் மதுரைக்குப் போனால்தான் கிடைக்கும். சிக்கந்தர் கேனை மாட்டி, அதன் குழாயில் இருக்கும் ரப்பர் பந்தை அமுக்கி எஞ்சினுக்குப் பெட்ரோலை ஏற்றினான். என்னிடம், "ஏலே, நான் சாவியப் போடுறேன், நீ தட்டு," என்றான். சிக்கிக்கொண்ட மோட்டார் சில சமயம் தட்டினால் பிழைத்துக்கொள்ளும். ஸ்பேனரைத் திருப்பிப் பிடித்துத் தட்டினேன், ஒன்றுமில்லை. மறுபடி தட்டினேன், அதற்கும் ஒன்றுமில்லை. மூன்றாவது அடி ஓங்கியே விழுந்துவிட்டது. 'ங்ஙொய்ங்' என்றது. அந்த அவசரத்திலும் அண்ணன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

எஞ்சின் ஓடியது. நடுவழியில் இருமும்போதெல்லாம் தட்டுவதற்கு ஆள் வேண்டும் என்பதால், நீச்சல் தெரியாத நானும் போனேன். அக்கரை போய்ச் சேர்ந்தபோது பரிசல் கவிழ்ந்து, பட்ட மரத்தில் மோதி மோதி விலகிக்கொண்டிருந்தது. அண்ணன், "பாண்டி, ஏ அப்பு" என்று கூப்பிட்ட குரல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. பாண்டி மறுநாள்தான் கிடைத்தான், வலைக்குள்.

பரிசல் கவிழ்ந்த அன்று மாலையே, தேடலுக்கு ஆட்கள் வந்து சேர்ந்த பிறகு, ஈர வேட்டியோடு கரையில் உட்கார்ந்திருந்த அண்ணன் தலை நிமிர்ந்து கேட்டார். "எதுனால பாய் போச்சு அந்த பம்ப்பு?"

நான் சிக்கந்தரின் வாயைப் பார்த்தேன்.

"பழைய சரக்குண்ணே," என்றான் அவன். "அதோட ஆயுசு அம்புட்டுத்தான்." சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவனுக்கே உறைத்தது.

படகுக்கு வேறு யாரையோ வைத்துப் புது பம்ப் மாட்டிக்கொண்டதாகக் கேள்விப்பட்டோம். ஆனால் பழைய பம்ப்பை வெள்ளைச்சாமி அண்ணன் தூரப் போடவில்லை. ஊருக்குள் மீன் இறக்க வரும்போதெல்லாம் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு கடைக்கு வருவார். தேக்கிலையில் பொதிந்த ஜிலேபிக் கெண்டையை மேசையில் வைத்துவிட்டு, "செத்த கரண்டு குடு பாய்," என்பார். எதற்கு என்று நாங்கள் கேட்டதில்லை. சிக்கந்தர் அதைக் கொஞ்சம் எண்ணெயில் முக்கி, பேட்டரியிலிருந்து ஒயரைத் தொட வைத்து, லேசாகத் தட்டுவான். சத்தம் வரும். அவர் கும்பிடுவார், எழுந்து போவார். மீனை வாங்கிக்கொண்டு உண்மையை மறைக்கிறோமே என்று எனக்கு உறுத்தும். அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகவும் மனம் வராது, எறியவும் வராது. எதிர்க்கடைக்காரர்தான் குழம்பு வைத்துச் சாப்பிட்டார்.

வர வர அந்தச் சத்தம் மெலிந்தது. ஒரு நாள் எவ்வளவு தட்டியும் பொறி பறந்ததே தவிர, மோட்டார் அசையவில்லை. சிக்கந்தர் வியர்த்துப்போய் மறுபடி மறுபடி தொட்டான்.

"விடு பாய். போதும்," என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பெட்ரோலு இல்லாமச் சுத்துனா இது எரிஞ்சுரும்னு, புதுசு மாட்ட வந்தவன் அன்னைக்கே சொல்லிட்டான்."

சிக்கந்தர் ஒயரைக் கீழே வைத்தான்.

"நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சும் சொல்லலையில்ல. அதான், இங்கன வந்தாத்தான் எனக்கு உக்கார முடிஞ்சுச்சு."

பம்ப்பை எடுக்காமலே போய்விட்டார். அப்புறம் வரவேயில்லை. குத்தகை கைமாறியது. மீன் வண்டியை விற்றுவிட்டார் என்றார்கள், ஊரையே விட்டுப் போனார் என்றும் சொன்னார்கள். சிக்கந்தருக்கு வளைகுடாவில் வேலை கிடைத்து, கடையைக் காலி செய்த நாளில் எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டோம். அந்த பம்ப்பை மட்டும் அவன் சட்டைகளுக்கு நடுவில் தன் பெட்டியில் வைத்தான். "அங்க கொண்டுபோயி என்னலே செய்யப்போற?" என்றேன். "இங்க கெடந்தா எவனாச்சும் கரண்டு குடுத்துப் பாப்பான்லே," என்றான்.

நாங்கள் கடை வைத்திருந்த இடத்தில் இப்போது செல்போனுக்கு உறை விற்கிறார்கள். தோல் கிடங்கும் இல்லை. போனில் பேசும்போது சிக்கந்தர் பம்ப்பைப் பற்றிச் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. காலையில் மகளைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் விட ஸ்கூட்டரை எடுக்கும்போது, முதலில் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறேன். சத்தம் வந்து நிற்கிறது. கும்பிட மட்டும் எனக்குக் கை வருவதில்லை.