மூன்று பேர் நிற்கும் படம்

டிரைபோட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிடுங்கினார்கள் என்று சொன்னால் அந்தப் பெண் வருத்தப்படுவாள். அவள் மரியாதையாகத்தான் வாங்கி வைத்தாள். ஆனாலும் எனக்குப் பிடுங்கியது போலத்தான் இருந்தது. அப்படித்தான் எழுதுவேன்.

கெலாங் பாத்தா பக்கம் ஒரு கேளிக்கைப் பூங்கா. நுழைவாயிலில் பைகளைச் சோதிக்கும் மேசைக்குப் பின்னால் சீருடையில் ஒரு தமிழ்ப் பெண் நின்றாள். என் பையைத் திறந்து, கைப்பேசியை நிறுத்திப் படம் எடுக்க நான் புதிதாக வாங்கியிருந்த அந்த முக்காலியை வெளியே எடுத்தாள்.

“அக்கா, இது உள்ள தாக் போலே லா, கொண்டுபோக முடியாது. யாரு காலையாச்சும் தட்டி விழுந்தாங்கன்னா நாங்கதான் பதில் சொல்லணும். கவுண்டர்ல வெச்சிட்டுப் போங்க, போறப்ப எடுத்துக்கலாம்.”

“ஒரே ஒரு படம்மா. எடுத்துட்டு நானே கொண்டாந்து குடுத்துர்றேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க அக்கா.”

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. என் கணவர் என் தோளைத் தொட்டார். “விடு லா. நல்லதாப் போச்சு, தூக்கிட்டு அலைய வேணாம்.”

எனக்கு உச்சி மண்டை வரைக்கும் ஏறியது. பாதிக் கோபம் அந்தப் பெண் மேல். மீதிக் கோபம் ‘நல்லதாப் போச்சு’ மேல்.

அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் குடும்பம் மூன்று பேர்: நான், அவர், மகள். மூன்று பேரும் சேர்ந்து நிற்கும் படம் எங்கள் வீட்டில் கிடையாது. மூன்று பேராக நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்பார்கள். மற்ற வீடுகளில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றை இழுத்து நிறுத்திக்கொள்வார்கள். அத்தோடு முடிந்துபோகும். எங்கள் வீட்டில் இதற்கு யாரும் சிரிப்பதில்லை.

பதினைந்து வருஷத்துக்கு முன் குளுவாங்கில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் படக்காரர் கூப்பிட்டார், நின்றோம். ஒரு பக்கம் அவர், இன்னொரு பக்கம் மூன்று வயது மகள், நடுவில் ஐந்து மாத வயிற்றோடு நான். பத்து நாள் கழித்து அந்தக் குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் நாத்தனார், “மூணு பேரா நிக்கிறதே தப்பு. புள்ளத்தாச்சி போயி நடுவுல நிப்பாளா?” என்று கேட்டார். என் கணவர் கால்மாட்டில் நின்றார். ‘சும்மா இரு அக்கா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்தப் படம் எங்கே என்று கேட்டேன். “எங்கயோ போச்சு,” என்றார்.

அதன் பிறகு இரண்டு இரண்டு பேராகத்தான் படம். தீபாவளிக்கு அவரும் மகளும் நிற்பார்கள், நான் எடுப்பேன். பிறகு நானும் மகளும் நிற்போம், அவர் எடுப்பார். மூன்று பேரையும் யாராவது நிற்கச் சொன்னால் அவருக்குத் திடீரென்று மூத்திரம் வந்துவிடும், அல்லது காரைப் பூட்டினோமா என்று சந்தேகம் வந்துவிடும். அந்தப் பழியை அவர் ஒரு நாளும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

இந்த வருஷம் மகளுக்குக் கடல் தாண்டி, சபா மாநிலத்தில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. பெட்டி கட்டும்போது கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அம்மா, ஹாஸ்டல் சுவத்துல ஒட்டறதுக்கு நாம மூணு பேரும் இருக்கிற படம் ஒண்ணுகூட இல்லையே?” அன்று மாலையே கடைக்குப் போய் டிரைபோட் வாங்கினேன். படம் எடுக்க ஓர் ஆள் வந்தால்தானே அவர் அந்த ஆளோடு பேச்சுக் கொடுத்து நழுவுவார்? டைமரை அமுக்கிவிட்டுப் போய் நின்றால் பத்தே விநாடி. மகள் கிளம்புவதற்கு முன் அவளை ஒரு நாள் வெளியே கூட்டிப்போகிறோம், அவள் எதிரில் அவரால் ஓட முடியாது. அவளுக்கு ஒரு படம் வேண்டும். எனக்கு அதில் நடுவில் நிற்க வேண்டும். நின்று, ஒன்றும் ஆகாமல் இருந்து காட்ட வேண்டும்.

இவ்வளவு திட்டம் போட்டவள் பூங்காவின் விதிகளைப் படிக்கவில்லை. “வெப்சைட்ல போட்டிருந்துச்சும்மா,” என்று மகள் உள்ளே போன பிறகு மெதுவாகச் சொன்னாள். என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

உள்ளே வழக்கம்போலத்தான். ராட்டினத்துக்கு முன்னால் அவரும் மகளும். தண்ணீர்ச் சறுக்கு முன்னால் நானும் மகளும். ஒரு சீன அம்மா பார்த்துவிட்டு, தானே எடுத்துத் தருவதாகக் கையை நீட்டினார். மூன்று பேரும் நின்றோம். சரி, நடந்துவிட்டது என்று நினைத்தேன். அவர், “நந்தி, நந்தி! கொஞ்சம் இருங்க,” என்று மலாயிலும் தமிழிலும் கத்திக்கொண்டு ஓடிப் போய், மஞ்சள் வாத்து வேஷம் போட்டு நின்ற ஒருவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். படத்தில் நாலு பேர். என் முகத்தில் பாதியை வாத்தின் இறக்கை மறைத்திருந்தது. அவருக்கு ஒரே நிம்மதி. எனக்கு அந்த வாத்தின் தலையைப் பிய்த்து அவர் மேல் எறியலாம் போல வந்தது.

சாயங்காலம் கவுண்டரில் டிரைபோட்டை வாங்கினேன். அந்தப் பெண்ணிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம், அவள் தன் வேலையைப் பார்த்தாள்.

கார் நிறுத்தும் இடத்துக்கு வந்ததும், எங்கள் காருக்கு எதிரே முக்காலியை விரித்துக் கைப்பேசியை மாட்டினேன். அவர் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்திருந்தார்.

“வாங்க. இங்க நில்லுங்க.”

“மழை வருது. வீட்டுல எடுத்துக்கலாம்.”

“பதினஞ்சு வருஷமா வீட்டுலதான் இருக்கோம். வாங்க!”

பக்கத்துக் காரில் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மகள் ஓடி வந்து, “அம்மா, நான் வேணா நடுவுல நிக்கிறேன்,” என்றாள்.

“நீ நிக்காத!” அவர் போட்ட சத்தத்தில் அவள் ஒதுங்கிவிட்டாள்.

“நான்தான் நிப்பேன்,” என்று டைமரை அமுக்கிவிட்டுப் போய் நின்றேன். அவர் காரை விட்டு வேகமாக வந்தார். என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார். “நடுவுல நான் நிக்கிறேன்,” என்றார்.

வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் உருகியிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குப் பதிலாகச் சாக வந்து நிற்கிறார் என்றால், இத்தனை வருஷமும் அதை நம்பியிருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

“அப்போ நான் நின்னதாலதான் போச்சுன்னு நம்புறீங்க,” என்றேன். “அன்னிக்கு நாம மூணு பேர் இல்ல. நாலு பேரு. என் வயித்துல இருந்தத நீங்களும் எண்ணல, உங்க அக்காவும் எண்ணல.”

கைப்பேசி கிளிக்கென்று படத்தை எடுத்துவிட்டது. குழந்தை ஒன்று தங்காமல் போனது மகளுக்குத் தெரியும். இந்தக் கதை தெரியாது. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

“தம்பியா, தங்கச்சியா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார். “தம்பி.”

எனக்கு அதை ரகசியமாகச் சொன்னது நர்ஸ். நான் அவரிடம் சொன்னதில்லை; அவர் என்னிடம் கேட்டதும் இல்லை. அப்படியானால் அவரும் போய் விசாரித்திருக்கிறார். பையன் என்று தெரிந்துகொண்டு வந்து, தன் அக்கா என் மேல் பழி போடும்போது என் கால்மாட்டில் நின்றிருக்கிறார். தனியாக அழுதுமிருப்பார். என்னோடு சேர்ந்து அழுதிருக்கலாம், நானும் அவனுக்காகத்தானே அந்தக் கட்டிலில் அழுதுகொண்டு கிடந்தேன்.

முக்காலியை மடக்கினேன். ஒரு கால் மடங்கவே இல்லை. அவர் உதவிக்கு வந்தார். தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.