பின்னறைச் சுவரில் பென்சில் கோடுகள்

குருவிட்டவில் நாங்கள் ஏலத்தில் எடுத்த வீட்டை நான் முதன்முதலில் பார்த்தது பொசன் போயாப் பௌர்ணமிக்கு முந்திய செவ்வாய்க்கிழமை. அன்றைய நாட்குறிப்பில் அந்த வீட்டைப் பற்றி ஏழு வரிகள் எழுதியிருக்கிறேன். ஆறு வரிகள் சரியானவை. ஏழாவது வரி, "பின்னறை சாமி அறை" என்கிறது.

எனக்குத் தெஹியோவிட்டவில் புடவைக் கடை. நாட்குறிப்பு எழுதுவது பள்ளிக்கூட நாளிலிருந்து வந்த பழக்கம். கிழமை, மழை, பார்த்த ஆள், பேசிய விஷயம் எல்லாம் அதில் இருக்கும். வங்கிகள் ஈட்டு வீடுகளை ஏலம் விடுவது சில காலம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அது மறுபடி தொடங்கியபோது, குருவிட்டவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர் ஒரு யோசனையோடு என்னிடம் வந்தார். மனைவி வழியில் எனக்குத் தம்பி முறை. கடன் கட்டாமல் வங்கி பிடித்த வீடுகள் மலிவாகப் போகின்றன, வாங்கிப் பழுது பார்த்து வர்ணம் பூசி விற்கலாம் என்றார். பணம் என்னுடையது. வீடு தேடுவதும் ஆள் பிடித்து விற்பதும் அவர் வேலை. இலாபம் பாதிப் பாதி. என்னிடம் இருந்தது போதாமல், கடையைக் காட்டி நானும் வங்கியில் கடன் எடுத்தேன். ஒருவர் அடைக்க முடியாமல் விட்ட கடனை நம்பி இன்னொரு கடன் எடுக்கிறோமே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இந்தத் தொழிலில், ஏலத்துக்கு முன் வீட்டுக்குள் போய்ப் பார்க்க முடியாது. குடியிருப்பவர் கதவைத் திறக்க மாட்டார். வெளியே நின்று கூரையையும் சுவரையும் பார்த்துத்தான் விலை மனதில் போட வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை நாங்கள் வேலியோரமாகப் பின்பக்கம் போனோம். பின்னறைக்குத் தனிக் கதவு இருந்தது. வாசலில் ஆறு சோடி செருப்புகள் வரிசையாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. ஜன்னலுக்குள் பகலிலேயே ஒரு விளக்கு எரிந்தது. உடுப்புக் காயப்போட வந்த வீட்டுக்காரப் பெண் அந்தக் கதவைக் கடந்து போகாமல், வீட்டை முழுக்கச் சுற்றிக்கொண்டு கொடிக்குப் போனாள். செருப்பைக் கழற்றும் அறை, விளக்கு எரியும் அறை, சில நாட்களில் பெண்கள் ஒதுங்கிப்போகும் அறை. எங்கள் வீடுகளில் அது ஒன்றே ஒன்றுதான். நான் எழுதிக்கொண்டேன். தம்பி நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏலத்தன்று குருவிட்ட ஆட்கள் பத்துப் பேராவது வந்து ரோட்டோரம் நின்றார்கள். ஒருவரும் விலை கேட்கவில்லை.

"ஏன் தம்பி, ஊர்க்காரங்க யாரும் வாய தொறக்கல?"

"காசு வேணுமேண்ணே. எல்லாம் வேடிக்கை பாக்க வந்தவனுங்க."

எங்களையும் ஒரு வெளியூர்க்காரரையும் தவிர யாரும் கேட்கவில்லை. எங்களுக்கே விழுந்தது. ஒரு பங்கை அங்கேயே கட்டினேன். மீதியைக் கெடு முடிய மூன்று நாள் இருக்கையில் கட்டினேன்.

பழைய சொந்தக்காரர் தகராறு செய்யவில்லை. அடுத்த பௌர்ணமியான எசல போயா வாரத்தில் ஒரு லொறியில் சாமான்களை ஏற்றிவிட்டு, சாவியை என் கையில் வைத்தார். போகும்போது, "பின் ரூமுல மட்டும் பாரம் வைக்காதீங்க, முதலாளி" என்றார். சாமி இருந்த இடத்தில் அலுமாரி, கட்டில் போட வேண்டாம் என்கிறார் என்று நினைத்து, சரி என்றேன். மனதுக்குள் அவரை மெச்சவும் செய்தேன்.

உள்ளே போய்ப் பார்த்தபோது அந்த அறையில் சாமிப் படம் மாட்டிய ஆணி ஒன்றுகூட இல்லை. தரை மட்டும் புதுச் சீமெந்து. வெளிச்சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து அஸ்திவாரத்தை நோக்கி ஒரு வெடிப்பு இறங்கியது. மயிரளவுதான். அதன் நுனியில் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் திகதி எழுதினேன். வெடிப்பு பழையதா, இன்னும் ஓடுகிறதா என்று அறிய அதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. பதினொரு நாள் கழித்துப் பார்த்தபோது அது கோட்டைத் தாண்டியிருந்தது.

கொத்தனார் வேலைக்கு ஒரு பாஸைப் பிடித்திருந்தோம். அந்தப் பகுதியிலேயே வீடு கட்டிப் பழகிய சிங்களவர். பின்னறைக்கு ஓடு பதிக்குமுன் அலவாங்குக் கம்பியின் பின்முனையால் தரையைத் தட்டிக்கொண்டே வந்தார். சுவரோரம் கணீரென்ற சத்தம். நடுவில் வந்ததும் பறையின் தோலைத் தட்டியது போல இருந்தது. அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்தார்.

"மெத்தன ஹிஸ், முதலாளி. இங்க ஒண்ணும் இல்ல, வெறும். கல்லுக் குழி."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவன். மாணிக்கக் குழிக்குப் போகிறவர்கள் செருப்போடு இறங்குவதில்லை என்பதும், விளக்கு வைப்பார்கள் என்பதும், பெண்களை அண்ட விடுவதில்லை என்பதும் மாணிக்கம் தோண்டும் ஊரான குருவிட்டவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். வீட்டை வங்கியில் ஈடு வைத்த பணத்தில், அந்த மனிதர் வீட்டுக்குள்ளேயே அனுமதியில்லாமல் குழி தோண்டியிருக்கிறார்.

தம்பியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"நீ இந்த ஊர்க்காரன். அன்னைக்குச் செருப்பப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேண்ணே."

"ஏன் சொல்லல?"

"நீங்க சாமி ரூம்னு எழுதிக்கிட்டிருந்தீங்க. எழுதுற மனுசன ஏன் கொழப்பணும்னு விட்டுட்டேன்."

சீமெந்தைக் கொஞ்சம் உடைத்துப் பார்த்தோம். கீழே, குழிக்கு முட்டுக் கொடுத்திருந்த பழைய ரப்பர் மரக் கட்டைகளைக் குறுக்கே அடுக்கி, மேலே வாழைத் தண்டும் மண்ணும் போட்டு மூடியிருந்தார்கள். கட்டைகள் கறுத்து, விரலால் அழுத்தினால் உதிர்ந்தன. அந்த இடுக்கு வழியாகப் பாஸ் ஒரு கல்லைப் போட்டார். நான் மூன்று எண்ணிய பிறகு தண்ணீர்ச் சத்தம் வந்தது. தம்பி குப்புறப் படுத்துக் கைப்பேசி வெளிச்சத்தை உள்ளே அடித்துக்கொண்டு கிடந்தார்.

"கல்லு எடுத்துட்டு மூடினானா, எடுக்காமலே மூடினானான்னு தெரியலையேண்ணே."

பாஸ் சிரித்தார். "எடுத்திருந்தா வங்கி ஏன் வீட்ட எடுக்குது?"

அடியிலிருந்து கருங்கல்லும் மணலும் இட்டு நிரப்பி, குறுக்கே உத்தரம் போல் கொங்கிரீட் வளை போட வேண்டும் என்று பாஸ் சொன்னார். எத்தனை லோடு என்று கேட்டதற்கு, குழி பக்கவாட்டிலும் ஓடியிருக்கும், போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றார். ஒன்பது டிரக்டர் லோடு போட்டோம். தண்ணீர் மேலே ஏறியது, போட்ட கல் தெரியவில்லை. கடையின் கடனுக்குத் தவணை வந்துகொண்டிருந்தது. பத்தாவது லோடுக்கு என்னிடம் பணம் இல்லை. அதன்மேல் கம்பி கட்டி ஒரு பலகை போல் கொங்கிரீட் போட்டு, ஓடு பதித்து, வெடிப்பை அடைத்துப் பூசி, வெள்ளை அடித்தோம். வேலையை நிறுத்தச் சொன்னது நான்தான். யார் வாங்க வந்தாலும் குழியைப் பற்றிச் சொல்லிவிடுவேன் என்று தம்பியிடம் நிபந்தனை போட்டேன். அதனால் என் பங்கு சுத்தமாகிவிடும் என்று நம்பினேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு குடும்பம் வந்தது. கணவர் தோட்டத்து ரப்பர் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி ரப்பர்ப் பால் வெட்டியவர். ஒரே மகள், தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து லயத்திலேயே வாழ்ந்தவர்கள். தங்கள் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதி ஒரு வீடு வாங்குவது அந்தக் குடும்பத்தில் அதுவே முதல் தடவை. அவருக்கு ஓய்வில் கிடைத்த சேமலாப நிதியும் மகள் சம்பளத்தின்மேல் எடுத்த கடனும்தான் முதல். அந்தம்மா சமையலறைக் குழாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார்.

நான் கணவரைப் பின்னறைக்குக் கூட்டிப்போனேன்.

"அண்ணன், ஒண்ணு சொல்லிடணும். இந்த ரூமுக்குக் கீழ பழைய கல்லுக் குழி இருக்கு. பாதிதான் நெரப்பியிருக்கோம். இங்க யாரும் படுக்க வேணாம். பாரமான சாமான் வைக்க வேணாம். நான் மொதல்ல சாமி ரூம்னு நெனச்சு ஏமாந்துட்டேன்."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"எத்தன அடிங்க ஐயா?"

"தெரியாது."

"கல்லு எடுத்தாங்களா?"

"அதுவும் தெரியாதுங்க. எடுத்திருந்தா வீடு ஏலத்துக்கு வந்திருக்காது."

"அப்ப இன்னும் எடுக்கலங்கிறீங்க."

தம்பி பக்கத்தில் நின்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். அதுவரை இரண்டு தடவை வந்து விலையைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டிய மனிதர், மறுநாள் காலையில் பேசி, கேட்ட விலைக்கே சம்மதம் என்றார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை உறுதி எழுதும் நொத்தாரிசு முன் கையெழுத்திட்டோம். கடையின் கடனை முழுதாக அடைத்தேன். தம்பிக்கு அவர் பங்கு போனது. அன்றைய நாட்குறிப்பில், "உண்மையைச் சொல்லியே விற்றோம்" என்று எழுதியிருக்கிறேன்.

தைப்பொங்கல் முடிந்த புதன்கிழமை இரத்தினபுரிக்குச் சரக்குப் பார்க்கப் போனவன், திரும்பும் வழியில் குருவிட்டவில் இறங்கினேன். கேற்றைத் தட்டியதும் அந்தம்மா வந்தார். வாசலிலேயே கதிரை போட்டு ப்ளேன்டீ தந்துவிட்டு, கதவை மறைத்துக்கொண்டு நின்றார். மகள் பாடசாலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்.

"அண்ணன் இல்லையா?"

"உள்ள இருக்காரு. கை வேலையா இருக்காரு."

"பின்னால ஒரு தடவ செவரப் பாத்துட்டுப் போறேன்மா."

அவர் தடுக்கவில்லை, கூடவும் வரவில்லை. பின்னறை வாசலில் ஐந்து சோடி செருப்புகள் இருந்தன. அந்த வீட்டில் இருப்பது மூன்று பேர். ஜன்னலுக்குக் கறுப்புப் பொலித்தீன் அடித்திருந்தது. உள்ளே தண்ணீர் மோட்டர் ஓடும் சத்தம் கேட்டது. நாங்கள் பூசி மறைத்த வெடிப்பு அதே மூலையிலிருந்து மறுபடி கிளம்பி, நான் முன்பு கோடு போட்ட உயரத்தையும் தாண்டி இறங்கியிருந்தது. இப்போது அதில் ஒரு தீக்குச்சி நுழையும்.

திரும்பி வந்தபோது அந்தம்மா அதே இடத்தில் நின்றார்.

"அது சாமி ரூமுங்க ஐயா" என்றார், நான் கேட்காமலே. பிறகு குரல் தாழ்ந்தது. "அப்படித்தான் வாரவங்ககிட்ட சொல்லச் சொல்லியிருக்காரு."

"பிள்ள எங்கம்மா படுக்குது?"

"பக்கத்து ரூமுல."

"முன் ஹோலுக்கு மாத்துங்க. இன்னைக்கே. நான் போய் அவருகிட்டப் பேசவா?"

"பேசினா கேக்க மாட்டாரு. மோட்டரு வாங்க வீட்டு உறுதிய வேற அடகு வச்சிருக்காரு. பொலிஸுக்குச் சொல்லிடாதீங்க ஐயா. ஆள உள்ள போட்டா வீடும் போயிரும், பிள்ளைக்கு அந்தக் கடனும் நிக்கும்." உள்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "எனக்கு இந்த வீடு வேணாம்னுதான் இருந்திச்சு. பாலத்துக்கிட்ட ஒரு சின்ன வீடு பாத்து வச்சிருந்தோம். நீங்க குழி இருக்குன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் அவருக்கு வேற வீடே கண்ணுல படல."

பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். வெடிப்பின் நுனியில் கோடு போட்டு வரத் திரும்பியபோது அந்தம்மா கை நீட்டினார்.

"குடுங்க, நானே போட்டுக்கிறேன். அந்த ரூமுக்குள்ளதான் நான் போகக்கூடாது. வெளிச் செவுரு எங்களுதுதானே."

என் கைப்பேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், கணவர் கோயிலுக்குப் போகும் நேரத்தில் அழைப்பார். அதிகம் பேச மாட்டார். "அரை விரல் எறங்கியிருக்கு." "இந்தக் கெழம ஒண்ணும் இல்ல." "ஒரு விரல்." மகளை முன் ஹோலுக்கு மாற்றிவிட்டதாக ஒரு தடவை சொன்னார். இரண்டு கிழமை கழித்து, கொசு என்று அவள் மறுபடி ரூமுக்கே போய்விட்டதாகச் சொன்னார். எல்லாவற்றையும் திகதியோடு எழுதி வைத்தேன். பொலிஸுக்குச் சொல்லவில்லை. அந்தம்மா கெஞ்சியதால்தான் சொல்லவில்லை என்று பல நாள் எழுதியிருக்கிறேன். விற்றது யார் என்று கேட்பார்களே என்பதையும் ஒரு நாள் எழுதினேன்.

சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"உறுதிய வச்சிருக்காரா? அப்ப கட்ட மாட்டாருண்ணே. திரும்ப ஏலத்துக்கு வந்தா நம்மளே எடுப்போம். வீடு நமக்குத் தெரிஞ்ச வீடு" என்று சிரித்தார். அதற்குப் பிறகு நான் அவர் அழைப்பை எடுப்பதில்லை.

வெசாக் போயா கழிந்து மழை பிடித்தது. போன வாரம் வெள்ளிக்கிழமை அந்தம்மா, "ரெண்டு விரல். அஸ்திவாரத்தத் தொட்டிருச்சு, இனி எங்க கோடு போட?" என்று கேட்டார். பிள்ளையை இன்றைக்கே முன்னால் படுக்க வைக்கச் சொன்னேன். சரி என்றார்.

நேற்றும் வெள்ளிக்கிழமை. புதன் மாலை தொடங்கிய மழை விடவில்லை. வழக்கமான நேரம் கடந்தும் கைப்பேசி அடிக்கவில்லை. நானாக அந்த எண்ணுக்கு அதுவரை பேசியதில்லை. நேற்று நான்கு தடவை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

இன்று சனி. கடையைத் திறக்கவில்லை. இதை அவிசாவளை பஸ் நிலையத்தில், குருவிட்டப் பக்கம் போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்து எழுதுகிறேன். குருவிட்டவில் இறங்கியதும் முதலில் பொலிஸுக்குத்தான் போகப் போகிறேன். விற்றவன் நான்தான் என்பதையும் சொல்வேன். மழை பலத்துக்கொண்டு வருகிறது.