உதடில்லாத வாத்தியார்

சங்ககிரிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் என் அப்பா நாலாம் வகுப்பு வாத்தியார். நான் அவர் வகுப்பிலேயே படித்தேன். வாத்தியார் மகள் என்ற திமிர் எனக்கு நிறையவே உண்டு. யுத்தம் தொடங்கிய சமயம், எங்கள் பள்ளிக்கு ஒரு பேட்டரி ரேடியோ வந்து சேர்ந்தது. திருச்சியிலிருந்து பாடம் வருமாம்.

தலைமை ஆசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. "பட்டணத்துப் புள்ளைங்க கேக்கற பாடத்தை நம்ம புள்ளைங்களும் கேக்கட்டுமுங்க" என்றார். அதில் என்ன தப்பு? அப்பா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "வாத்தியாருன்னா புள்ளை முகத்தைப் பாக்கோணும். அந்தப் பொட்டிக்கு உதடு ஏதுங்க?" என்று கேட்டார். வகுப்பிலும் அப்படித்தான். யாராவது குனிந்துகொண்டு பதில் சொன்னால், "முகத்தைக் காட்டிச் சொல்லு சாமி" என்பார்.

ரேடியோவை ஒதுக்கும் வாத்தியாருக்கு வேலை போய்விடும் என்று பேச்சு அடிபட்டது. இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் அம்மா சாப்பிடவே இல்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் முன்னால் ரேடியோவைத் திருகினார்கள். பாடம் வரவில்லை. எண்ணெயில் கடுகு பொரிவது போல வெறும் இரைச்சல். அப்பாவோ பெட்டிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்று, நிதானமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் அவர் எதிரே வந்து, "பாடம் எப்படி?" என்று கேட்டார்.

"அருமையான பாடமுங்க" என்றார் அப்பா.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவள் நான்தான். இன்ஸ்பெக்டர் முகம் சிவந்துவிட்டது. "என்ன, கேலியா?" என்றார். அப்பா சிரிக்கிற எங்கள் வாய்களைச் சுற்றிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஆமாங்க" என்றார்.

திமிர் பிடித்தவர் என்று எழுதி, அவரை நாமகிரிப்பேட்டைப் பக்கம் மாற்றினார்கள். வேலை தப்பியது. அப்பாவுக்குக் காது போய்விட்டது என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். எங்கள் உதட்டைப் பார்த்துத்தான் அவர் இத்தனை நாள் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். அப்பா காலமான பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

சாமான்களோடு மாட்டுவண்டியில் ஊர் மாறிப் போனோம். அப்பா முன்னால் உட்கார்ந்திருந்தார். "பொட்டியை நல்லாக் கேலி பண்ணுனீங்கப்பா!" என்று அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து பெருமையாக மூன்று தரம் கத்தினேன். அவர் திரும்பவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அம்மா அவர் தோளைத் தொட்டாள். அவர் திரும்பி, என்ன என்பது போல என் உதட்டையே பார்த்தார். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.