லாண்டரி அக்கா வாங்கிய நூற்றுக்கு நூறு

முதன்முதலாகப் பார்த்தபோது அந்த அக்கா ஈரம் காயாத கட்டில் விரிப்பின் இரு முனைகளையும் பிடித்து, தேய்ப்பு இயந்திரத்தின் சூடான உருளைக்குள் சுருக்கமில்லாமல் செலுத்திக்கொண்டிருந்தார். மலையாளம் பேசும் தம்பானூரில் ஒரு பெரிய ஹோட்டலின் கீழ்த்தளத்து லாண்டரி அது. துணி உள்ளே போகப் போக, உருளைக்கு நான்கு அங்குலம் முன்பாகவே அவர் விரல்கள் விலகிக்கொண்டன. ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒருமுறைகூட அந்த இடைவெளி குறையவில்லை.

நிறுவனங்களின் ஊழியர்களுக்குப் பயிற்சிப் பாடங்கள் வடிவமைப்பது என் தொழில். வேலை நடக்கும் இடத்துக்குப் போவேன், செய்பவர்களிடம் கேட்பேன், கேட்டதைப் படங்களும் கேள்விகளுமாக்கிக் கைபேசியில் பார்க்கும் பாடமாகச் செய்து தருவேன். தெரியாததால்தான் மனிதர்கள் அடிபடுகிறார்கள், தெரியவைத்துவிட்டால் போதும் என்று பத்து வருடம் மனதார நம்பியிருந்தேன். நானும் தமிழ்தான் என்று தெரிந்ததும் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார். உருளைக்கு முன்னால் குறுக்கே ஓடிய ஒரு கம்பியைத் தொட்டுக் காட்டினார்.

"துணி சிக்கினா இத அழுத்தணும் டீச்சரே, மெஷினு நின்னுரும். ஆனா இது கேடாயி ஒரு வருஷமாச்சு கேட்டோ. இப்பம் சொவத்து சுவிட்சுக்குத்தான் ஓடணும். ஓடி நிறுத்தினா சூப்பர்வைசர் சத்தம் போடுவாரு."

அந்தக் கம்பியைப் பற்றி என் வரைவில் ஒரு பத்தி எழுதினேன். பழுது பார்ப்பது ஹோட்டலின் வேலை, நம் வேலை பாடம் மட்டும் என்று சொல்லி எங்கள் நிறுவன மேலாளர் அதை நீக்கினார். தமிழில் ஒலிவடிவம் வேண்டும் என்றேன். மலையாளமும் ஆங்கிலமும் போதும் என்றார்கள். 'துணி சிக்கினால் முதலில் இயந்திரத்தை நிறுத்தவும்' என்ற வரியும் பத்துக் கேள்விகளும் எஞ்சின. பாடம் அழகாக வந்திருப்பதாக எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நான்கு மாதம் கழித்து அக்காவின் வலது கை உருளைக்குள் போயிற்று. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

அக்கா பயிற்சி பெற்றதற்கான பதிவைக் கேட்டு ஹோட்டலிலிருந்து கடிதம் வந்தது. கணினியில் தேடினேன். நாற்பது நிமிடப் பாடம் இரண்டே நிமிடத்தில் முடிக்கப்பட்டிருந்தது. மதிப்பெண் நூற்றுக்கு நூறு. அவருக்கு முன்னும் பின்னும் அதே பிற்பகலில், இரண்டிரண்டு நிமிடத்தில், லாண்டரியில் எல்லோருக்கும் நூறு. யாரோ ஒருவர் உட்கார்ந்து எல்லோருக்குமாக விடைகளை அழுத்தித் தள்ளியிருக்கிறார் என்பது பார்த்ததுமே விளங்கியது. பயிற்சி முறையாக அளிக்கப்பட்டது என்று உறுதிசெய்யும் தாளில் நான் கையெழுத்திட வேண்டும். யாரும் என்னை மிரட்டவில்லை. மேலாளர் என் மேசையருகே நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான். போட்டுவிட்டேன். பயிற்சி பெற்றிருந்தும் கவனக்குறைவாக நடந்துகொண்டார் என்று அந்தத் தாளைக் காட்டியே ஹோட்டல் பொறுப்பிலிருந்து கழன்றுகொண்டது. அக்காவுக்கு வேலையும் போயிற்று.

சாலை என்ற கடைத்தெருவுக்குப் பின்னால் அக்காவுடைய வாடகை அறை. தேடிப் போய்ப் பார்த்தேன். கையெழுத்திட்டது நான்தான் என்று சொல்லத்தான் போனேன். அக்கா என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, கணவரைச் சாயா போடச் சொன்னார். கட்டுப்போட்ட கை மடியில் கிடந்தது.

"டீச்சரே, எனக்கு நூத்துக்கு நூறுன்னு சொன்னாவ. நான் பள்ளிக்கூடமே போனதில்ல. அதுல என்னதான் கேட்டிருந்திய?"

நினைவிலிருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டேன். உருளையின் சூடு, தளர்ந்த சேலைத் தலைப்பு, கைக்கும் துணிக்கும் இருக்க வேண்டிய தூரம். ஒன்றுக்கும் அவர் தயங்கவில்லை. கடைசியாக, துணி சிக்கினால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்றேன்.

"மெஷின நிறுத்தணும்," என்றார். பிறகு மெதுவாக, "அன்னைக்கு நாலு விரிப்பு ஒண்ணா சுருண்டுட்டு டீச்சரே. ஓடி வர்றதுக்குள்ள எல்லாம் கருகிரும்னு கைய விட்டுட்டேன்."

பத்தும் சரி. அவருக்குத் தெரியாத எதையும் நான் சொல்லித் தந்திருக்கவே இல்லை. சாயாவைக் குடித்துவிட்டு, கையெழுத்தைப் பற்றிச் சொல்லாமலே எழுந்து வந்தேன். அந்த வருடமே அவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். போன மாதம் அந்த லாண்டரிப் பாடத்தைப் புதுப்பிக்கச் சொல்லி ஹோட்டலிலிருந்து கடிதம் வந்தது. நிறுத்தும் கம்பியைச் சரிசெய்துவிட்டீர்களா என்று கேட்டு எழுதினேன். ஹோட்டலின் சின்னம் மாறியிருக்கிறது, அதை மட்டும் மாற்றினால் போதும் என்று பதில் வந்தது. மாற்றி அனுப்பினேன்.