பிரவீனா போன் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை

என் தங்கை பிரவீனாவுக்கு வயர்களில் இருபத்திமூன்று நிறம் தெரியும். சிவப்பு, நீலம் என்று எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்லவில்லை. பழுப்பில் கறுப்புக் கோடு, வெள்ளையில் நீலக் கோடு, ஆரஞ்சில் பச்சைக் கோடு என்று இருபத்திமூன்று. நான் கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருக்கிறேன். ரவிக்கைக்கு நூல் பொருத்துவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. எனக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு நூல்கண்டுகளைப் பிரித்து வைத்து, "இது வேற லாட்டுக்கா" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவாள். அவள் சொன்னது ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். அவளை ஐடிஐ வரைக்கும் படிக்க வைத்தோம். ஓசூரில் ஒரு சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. பைக்குக்குள் ஓடும் வயர்களை அளந்து, முனையில் உலோகப் பின் அடித்து, ஒரே கட்டாகச் சேர்த்துத் தருவார்கள். அந்தக் கட்டுக்கு ஹார்னஸ் என்று பெயர். நான்கு வருடம் லைனில் நின்றுகொண்டே வேலை செய்தாள். போன ஆடியில் அவளைக் கட்டுகளைச் சரிபார்க்கும் குவாலிட்டி மேசைக்கு மாற்றினார்கள். மூன்று மாதம் டிரையல். சரியாகச் செய்தால் அந்த மேசை அவளுக்கு நிரந்தரம், இல்லாவிட்டால் பழையபடி லைன். அந்த மேசைக்குப் போன முதல் பெண் அவள்தான். இதை எங்கள் தெருவில் நான் யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை.

அந்த மேசை வேலையில் பாதி போனில்தான் நடக்கும். பேரிகையில் இவர்களுக்காகக் கட்டு போட்டுத் தரும் சின்ன யூனிட் ஒன்று இருக்கிறது. அங்கே சூப்பர்வைசர் ஆஞ்சப்பன். அவர் ஒரு கட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பிரவீனா பார்த்து ஓகே போட்டால்தான் வண்டி கிளம்பும். ஆனால் அவள் போன் பஸ்ஸில் விழுந்ததிலிருந்து திரையில் மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைக் கோடு நின்றுவிட்டது. யார் படத்தைப் பார்த்தாலும் மூக்கின்மேல் கோடு. வயரைப் பார்த்தால் எல்லாமே கோடு போட்ட வயர்.

டிரையல் முடிய மூன்று வாரம் இருக்கும்போதுதான் ஒரு புதுப் போன் கடைக்கு வந்தது. பத்தாயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவு. அவள் கம்பெனியில் பாதிப்பேர் அதைப் பற்றித்தான் பேசினார்களாம். வாங்கலாமா வேண்டாமா என்று நான் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் எழுத ஆரம்பித்தேன். எதையும் எழுதிப் பார்த்தால் தெளிந்துவிடும் என்பது என் பழக்கம். இது தெளியவில்லை.

"பேட்டரி ஆறாயிரம். ரெண்டு நாள் நிக்கும்" என்று நல்லதில் எழுதினேன்.

"அதான் செங்கல்லு மாதிரி கனமா இருக்குது. குனிஞ்சா கம்பெனி யூனிபார்ம் கோட்டுப் பாக்கெட்டுல இருந்து விழுந்துரும்" என்றாள். அடித்துவிட்டுக் கெட்டதில் எழுதினேன்.

"கேமரா அம்பது மெகாபிக்சல்."

"எதுக்குக்கா? கேட்டுல நல்லுசாமி அண்ணன் ஸ்டிக்கர் ஒட்டிருவாரு. அம்பதும் அதுக்கு அடியில."

கம்பெனிக்குள் யாரும் படம் எடுக்கக்கூடாது என்பதால், வாசலில் செக்யூரிட்டி நல்லுசாமி எல்லோருடைய கேமராவையும் ஸ்டிக்கரால் மூடுவார். அந்தப் போனின் முதுகில் மூன்று வட்டம். கேமரா ஒன்றுதான், மற்ற இரண்டும் அழகுக்கு. முதல் நாளே வாங்கிவிட்ட அவள் தோழி ஜெயப்ரியா, "அண்ணா, இது ரெண்டும் சும்மா வட்டம்" என்று சொல்லிப் பார்த்தாளாம். "வட்டமா இருந்தா ஒட்டணும் பாப்பா. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்று மூன்றிலும் ஒட்டிவிட்டாராம்.

ராம் நாலு ஜிபி, இன்னொரு நாலைப் போனே உள்ளேயிருந்து எடுத்துக்கொள்ளும் என்று போட்டிருந்தது. உள்ளேயே இருப்பதை எதற்கு எடுக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. 5ஜி உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் முன்னறையில் தமிழ்நாட்டு டவர், சமையலறையில் கர்நாடகா டவர். எந்த அறையில் 5ஜி வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தாளின் இரண்டு பக்கமும் அடித்தலும் திருத்தலுமாக நிரம்பியது.

"எனக்கு ஒண்ணு தெரிஞ்சாப் போதும். செவப்ப செவப்பாவும் ஆரஞ்ச ஆரஞ்சாவும் காட்டுதா?" என்றாள் பிரவீனா.

ஞாயிற்றுக்கிழமை ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ராஜேஷ்குமார் கடைக்குப் போனோம். போகும் வழியில் எலக்ட்ரிகல் கடையில் சிவப்பு, ஆரஞ்சு, பழுப்பு, மஞ்சள், பச்சை என்று அரையடி அரையடியாக வயர் கேட்டாள். "இத வெச்சு என்னா கனெக்சன் குடுப்பீங்க?" என்று கடைக்காரர் கேட்டார். "போன் வாங்கறதுக்குண்ணா" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

போன் கடையில் அந்த வயர்களை மேசைமேல் பரப்பி, புதுப் போனில் படம் எடுத்துப் பார்த்தாள். ஆரஞ்சு கிட்டத்தட்ட சிவப்பாக வந்தது. ராஜேஷ்குமார் எங்கோ அமுக்கி, "இது பளிச்சுனு காட்டுற மோடு. நேச்சுரல்னு மாத்துனா சரியாயிரும்" என்றார். மாற்றியதும் ஆரஞ்சு சரியானது, பழுப்பு வெளிறிப்போனது. "சாயங்காலமானா கண்ணுக்கு எதமா ஸ்கிரீன் தானே மஞ்சளாயிரும், அத வேணாம்னாலும் நிறுத்திக்கலாம்" என்றார்.

"அப்ப இதுல எதுங்க நெசம்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு எது புடிக்குதோ அதாங்க்கா நெசம்."

அப்போதுதான் ஆஞ்சப்பனிடமிருந்து அழைப்பு வந்தது. பேரிகையில் அன்று ஓவர்டைம். கடைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாப்பா, காலையில சொன்னியே, அந்தப் புது மாடல் முடிஞ்சுது. எரநூத்தி நாப்பது பீசு. படம் போட்டிருக்கேன். அரைமணியில வண்டி. ஓகே குடு."

"பதினாலாம் நம்பர்ல என்ன வயர் போட்டீங்கண்ணா?"

"பச்சதான். நீ சொன்ன மாதிரியே."

படத்தைத் திறந்தாள். கட்டின் முனையில் பதினாலாவது துளையில் பச்சை வயர் வர வேண்டும் என்று என்னிடம் காட்டினாள். அவள் போனில் அது பச்சையாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் கோடும் சரியாக அங்கேயே ஓடியது. அதே படத்தை ராஜேஷ்குமாரின் புதுப் போனுக்கு அனுப்பிப் பார்த்தோம். பளிச்சென்ற மோடில் கிளிப்பச்சை. நேச்சுரலில் மஞ்சளா பச்சையா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். அந்த யூனிட் கூரையில் பச்சை பைபர் ஷீட் போட்டிருப்பதால் பகலில் அங்கே எல்லாமே கொஞ்சம் பச்சையாகத்தான் இருக்குமாம்.

"அவரே பச்சன்னு சொல்றாரு. அப்புறம் என்னா? ஓகே போடு" என்றேன்.

அவள் ஓ என்று அடித்துவிட்டு நிறுத்தினாள். "அக்கா, ஆஞ்சப்பண்ணன் வீட்டுல தெலுங்கு பேசறவங்க."

எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் முகம் மாறிவிட்டது. மறுபடி அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, பச்சன்னா எந்தப் பச்ச? ஆகு பச்சயா, பசுபு பச்சயா?"

"என்னா கேள்வி இது? பசுபு பச்சதான். மஞ்சத்தூள் கலரு. வெறும் பச்சன்னா எங்க வீட்டுல அதுதான்."

தெலுங்கில் பச்சை என்றால் பலருக்கு மஞ்சள். இலை நிறத்தைச் சொல்ல ஆகு என்று முன்னால் சேர்க்க வேண்டும். இது இந்தப் பக்கத்தில் பிறந்த எங்களுக்குத் தெரியாதது அல்ல. அவசரத்தில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அன்று காலை அவர் கூப்பிட்டுக் கேட்டபோது, லீவு நாள்தானே என்று, எந்த இடத்தில் எந்த வயர் என்று காட்டும் டிராயிங்கை அனுப்பாமல், "பதினாலுக்குப் பச்ச போடுங்கண்ணா" என்று வாயால் சொல்லியிருக்கிறாள். அவரும் அவள் சொன்னபடியே செய்துவிட்டார்.

இருநூற்று நாற்பதும் தப்பு. தப்பு அவளுடையது. டிரையல் முடிய இன்னும் பன்னிரண்டு நாள்.

அப்போது நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். "உன் போன்ல பச்சையாத்தானே தெரியுது. ஓகே போட்டுரு. நாளைக்கு யாராவது கேட்டா போன் மேல பழியப் போடு. கோடு விழுந்த போனுன்னு கம்பெனிக்கே தெரியும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அது எர்த் வயர்க்கா. கலரப் பாத்துத்தான் பைக்குல மாட்டுவாங்க. மாத்திக் கோத்தா பைக்கு ரோட்டுல நின்னுரும். இல்ல, சூடாயிரும்." எனக்கு எர்த் என்றால் என்னவென்று சரியாகத் தெரியாது. சூடாகும் என்பது தெரிந்தது.

ஆஞ்சப்பனிடம் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவளுக்கு மேலே இருக்கும் பாஸ்கரன் சாருக்குக் கூப்பிட்டாள்.

"சார், பேரிகை லாட்ட நிறுத்திட்டேன். நான்தான் டிராயிங் அனுப்பாம வாயால சொல்லிட்டேன். ஆஞ்சப்பண்ணன் மேல தப்பு இல்ல."

"எத்தன பீஸ்?"

"இருநூத்தி நாப்பது சார்."

"நாளைக்கு வந்து என்னப் பாரு" என்று வைத்துவிட்டார்.

புதுப் போனை ராஜேஷ்குமாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு பாகலூர் வழியாகப் போகும் பேரிகை பஸ்ஸைப் பிடித்தோம். யூனிட்டில் ஆறு பெண்கள் கட்டுகளை முன்னால் போட்டுக்கொண்டு கோபமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆஞ்சப்பன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, ஒரே ஒரு வார்த்த. ஆகுன்னு சொல்ல வாய் வலிச்சுதா?"

"நீங்க ஏண்ணா கேக்கல?"

"நீ குவாலிட்டி. உன்ன நான் கேக்கறதா? கேட்டா அந்தச் சூப்பர்வைசருக்குக் கலர் தெரியலம்பாங்க." பிறகு என்னைப் பார்த்தார். "இது யாரு, இன்ஸ்பெக்சனா?"

"எங்க அக்கா. டெய்லரு."

"அப்ப கத்திரி புடிக்கத் தெரியும். உக்காருங்கம்மா."

நான் கட்டைச் சுற்றியிருந்த டேப்பை வெட்டிப் பிரித்தேன். பிரவீனாவும் அந்த ஆறு பெண்களும் மஞ்சள் வயரை உருவி, பச்சையைக் கோத்து, பின் அடித்தார்கள். ஒவ்வொன்றையும் பிரவீனா கூரைக்கு வெளியே எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைத்தாள். ஆறு மணிக்குள் வண்டி கிளம்பிவிட்டது.

திங்கட்கிழமை அவள் வேலை முடிந்து வரும்வரை எனக்கு மிஷினில் நேராகத் தையல் ஓடவில்லை. வாசலிலேயே கேட்டேன்.

"என்னா சொன்னாரு? மேச இருக்குதா, போச்சா?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா?"

"வாயால சொன்னதுக்குத் திட்டினாரு. நிறுத்துனதுக்கு ஒண்ணும் சொல்லல. கடைசியில, மூணு மாசத்த இன்னிக்கி இருந்து புதுசா எண்ணிக்கோன்னாரு."

இது தண்டனையா, இரக்கமா, நம்பிக்கையா? நானும் அவளும் டீ ஆறும்வரை பேசினோம். லைனுக்கு அனுப்பவில்லை, அது நல்லது. நிரந்தரம் செய்யவில்லை, அது கெட்டது. அந்தக் கட்டுகளை ஒன்றும் பேசாமல் அனுப்பியிருந்தால் பன்னிரண்டு நாளில் நிரந்தரமாகியிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லவில்லை.

"மூணு மாசம் படம் பாக்கணும். கோடு இல்லாத போன் வேணும். வாக்கா" என்று அவள்தான் எழுந்தாள்.

அதே போன்தான். தவணையில் வாங்கினோம். ராஜேஷ்குமார் பாரத்தில் பெயர், ஊர், கம்பெனி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்.

"என்னா வேலைன்னு போடட்டும்?"

பிரவீனா என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை.

"குவாலிட்டின்னு போடுங்க" என்றாள்.

பொய்யாகிவிடக்கூடாதே என்று எனக்குப் பயம். "பக்கத்துல டிரையல்னு சேத்துக்குங்க" என்றேன்.

அவர் பாரத்தை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கெல்லாம் இதுல எடம் இல்லக்கா" என்று சொல்லிவிட்டு, குவாலிட்டி என்று எழுதினார்.