வண்டியைக் கழுவினால் மழை வருமா?

பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருக்கும் ஜெய்சங்கர், 'யோசிச்சுப் பேசுவோம்' என்ற இணையக் குழுவில் சேர்ந்தார். எதையும் ஆதாரத்தோடு அலசுகிறவர்கள் கூடும் இடம் அது. புதிதாக வருகிறவர்கள் பெயர், ஊரோடு, தாங்கள் தப்பாக நம்பியிருந்த ஒன்றையும் எழுதி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்.

இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டார். தான் எதையும் தப்பாக நம்பியதாக அவருக்கு நினைவே இல்லை.

"வண்டியைக் கழுவினா மழை வந்துடும்னு சொல்லுவீங்களே, அதை எழுதுங்க," என்றாள் மனைவி உமாமகேஸ்வரி.

"அது நிஜம்தானே?"

சொல்லிவிட்டாரே தவிர, உள்ளுக்குள் அது உறுத்தியது. மூன்று மாதம் ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளைக் கழுவி, காலண்டரில் குறித்துவந்தார். பதின்மூன்று ஞாயிறில் மழை வந்தது ஒரே தடவை, அதுவும் வெறும் தூறல். கொஞ்சம் கூச்சத்தோடு அதை அப்படியே எழுதிப் போட்டார். நாற்பது பேர் வரவேற்றார்கள். ஒருவர் மட்டும், "கழுவாத நாளில் எத்தனை தடவை பெய்தது?" என்று கேட்டார்.

ஜெய்சங்கர் அதைக் குறிக்கவே இல்லை. ஆனால் கேள்வி நியாயமாகப் பட்டது.

"இன்னும் மூணு மாசம் பார்க்கணும் உமா," என்றார்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த வண்டி இப்படிப் பளபளத்து அவள் பார்த்ததில்லை. உள்ளே போய்த் தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்துவந்து நீட்டினாள்.

"ஒரே ஒரு வண்டியை வச்சு எப்படிங்க முடிவு பண்றது? இதையும் சேர்த்துக்கோங்க."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது அவருக்கு.